காட்டுப் புதினா எண்ணெய்: இலை, பூ, தண்டு, வேர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு கொட்டகை போட்டு, சின்ன வாலை (எண்ணெய் வடிக்கும் பாத்திரம்) வைத்து, புதினாவும் எலுமிச்சைப்புல்லும் வடிக்கிறேன். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அதனால் ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகள், நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சிகள், கைக்குழந்தையோடு வரும் அம்மாக்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி முடியவில்லை, எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் ஆகும்.

கேள்வி: காட்டுப் புதினா என்றால் எந்தச் செடி?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் காட்டுப் புதினா என்று வருவது பெரும்பாலும் மெந்தா லாஞ்சிஃபோலியா. நீளமான இலை, இலை மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம், காம்பு அநேகமாக இருக்காது, நுனியில் நீளக் கதிராகப் பூக்கும். ஐரோப்பா, மேற்கு ஆசியா, ஆப்பிரிக்காவின் சில பகுதிகள், நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் பக்கம் ஓடைக்கரைகளில் தானாக வளர்கிறது. மெந்தா ஆர்வென்சிஸ் என்ற இன்னொரு இனத்தையும் சிலர் காட்டுப் புதினா என்றே எழுதுகிறார்கள். அதன் ஜப்பான் வகையிலிருந்துதான் மென்தால் எடுக்கிறோம். நாம் துவையலுக்கும் பிரியாணிக்கும் கட்டுக் கட்டாக வாங்குவது பொதுவாக மெந்தா ஸ்பைகேட்டா. மூன்றும் ஒரே சாதி. எண்ணெய் மட்டும் மூன்று விதம்.

கேள்வி: நம்ம பொதிகை மலையில் காட்டுப் புதினா கிடைக்குமா?

அப்படிச் சொல்லி என்னிடம் கொண்டுவந்த செடிகளில் ஒன்றுகூட இதுவரை மெந்தா இல்லை. அதிகம் வருவது ஹிப்டிஸ் சுவேவியோலென்ஸ். தரிசிலும் ரோட்டோரத்திலும் இடுப்பளவு வளர்ந்து, கசக்கினால் புதினா மாதிரியே மணக்கும். பெயர் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய களை அது. புதினாவும் அதுவும் துளசிக் குடும்பம் என்பதால் நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஓமவல்லியையும் சிலர் கொண்டுவந்திருக்கிறார்கள், அதில் இருப்பது கார்வக்ரோல், தைமால் வகை. அப்புறம் ஒன்று: களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போய் எந்தச் செடியையும் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். சட்டப்படி குற்றம், ப்ராஜெக்ட்டுக்காக என்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

கேள்வி: “அத்தியாவசிய எண்ணெய்” என்று போட்டிருக்கிறார்களே, உடம்புக்கு அவ்வளவு அவசியமா?

அது தப்பான மொழிபெயர்ப்பு. எசென்ஷியல் ஆயில் என்பதில் உள்ள எசென்ஸ் என்றால் சாரம், அதாவது செடியின் மணத்துக்கான சாரம். அவசியம் என்ற பொருள் அதில் கிடையாது. வாசனை எண்ணெய் என்றோ நறுமண எண்ணெய் என்றோ சொன்னால் சரியாக இருக்கும். இந்த ஒரு வார்த்தையை நம்பி தினமும் நாலு சொட்டு தண்ணீரில் விட்டுக் குடித்த ஒருவரை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மாதிரி இது கொழுப்பும் இல்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை நிற்காமல் ஆவியாகிவிடும்.

கேள்வி: எண்ணெய் செடியில் எங்கே இருக்கிறது? இலைக்குள்ளேயா?

இலையின் மேல்தோலில் இருக்கிறது. நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு புதினா இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவே குழிகுழியாக, ஒவ்வொரு குழியிலும் ஒரு மஞ்சள் புள்ளி, தேன் துளி மாதிரி மினுங்கும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. ஒவ்வொன்றின் தலையிலும் எட்டு செல்கள் வட்டமாக இருந்து எண்ணெயைச் சுரக்க, அவற்றுக்கு மேலே உள்ள மெல்லிய தோல் பலூன் மாதிரி உப்பி அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஊசி முனையால் ஒரு புள்ளியைத் தொட்டால் தோல் உடைந்து புள்ளி மறையும், மணம் கிளம்பும். இலையைக் கசக்கினால் மணப்பது இதனால்தான். தொடாமல் இருந்தால் புதினாக் கட்டு அவ்வளவாக மணக்காது, கவனித்திருப்பீர்கள்.

இதை நேரில் பார்த்தவர்களுக்கு அடுத்த கேள்விக்கான பதில் பாதி புரிந்துவிடும்.

கேள்வி: ஒரே செடி, ஒரே வேர், ஒரே தண்ணீர். அப்புறம் ஏன் இலை எண்ணெயும் பூ எண்ணெயும் வேறு வேறாக இருக்கின்றன?

எண்ணெய் செடியில் ஓர் இடத்தில் தயாராகி எல்லா உறுப்புக்கும் ஓடுவதில்லை. அந்தந்தச் சுரப்பி தனக்கான எண்ணெயைத் தானே செய்துகொள்கிறது. எனவே சுரப்பி எந்த உறுப்பில் இருக்கிறது, அதற்கு எத்தனை நாள் வயது, அதற்குள் எந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து எண்ணெய் மாறும்.

பெப்பர்மின்ட் என்கிற புதினாவில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன். முதலில் சுரப்பி லிமோனீன் செய்கிறது. எலுமிச்சைத் தோலிலும் இருக்கிற அதே பொருள்தான். அதிலிருந்து படிப்படியாக மாறி புலெகோன் வருகிறது. புலெகோனுக்கு அப்புறம் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் போனால் மென்தோன், அதிலிருந்து மென்தால். இன்னொரு பக்கம் போனால் மென்தோஃபியூரான். இளம் இலையில் லிமோனீனும் மென்தோனும் அதிகம் இருக்கும். இலை விரிந்து முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் எண்ணெய் சேர்வது அநேகமாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருக்கிற மென்தோன் மெல்ல மெல்ல மென்தாலாக மாறிக்கொண்டே வரும். ஆகவே அதே கொம்பில் நுனிக் கொழுந்தைக் கிள்ளி வடித்தால் ஒரு எண்ணெய், அடியில் உள்ள முற்றின இலையை வடித்தால் வேறு எண்ணெய். பூவில் என்ன ஆகிறதென்றால், பாதை மென்தோஃபியூரான் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது, புலெகோனும் அதிகம் தங்கிவிடுகிறது. பெப்பர்மின்ட் விவசாயிகள் பூ தொடங்கும்போதே அறுப்பது இதனால்தான். மென்தால் ஏறியிருக்க வேண்டும், பூவின் பங்கு கூடிவிடவும் கூடாது.

நம் துவையல் புதினாவில் கதை தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகிறது. லிமோனீனின் மூன்றாவது கார்பனில் ஆக்சிஜன் ஏறினால் மென்தால் பாதை, ஆறாவது கார்பனில் ஏறினால் கார்வோன். அந்த வேலையைச் செய்கிற நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாலே போதும், ஆறாவதில் ஏற்றிக்கொண்டிருந்தது மூன்றாவதில் ஏற்ற ஆரம்பித்துவிடுகிறது. 2000-ல் ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கடையில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு கட்டின் மணம் வேறுபடுவதற்கு இவ்வளவு சின்ன காரணம்!

கார்வோனைப் பற்றி ஒரு சங்கதி. சதகுப்பையிலும் கார்வோன்தான் இருக்கிறது, ஆனால் வலது கைக்கு இடது கை மாதிரி அதன் மறுவடிவம். அணுக்களின் எண்ணிக்கை ஒன்று, இணைப்பு ஒன்று, மணம் மட்டும் வேறு. வீட்டில் சதகுப்பை இருந்தால் ஒரு கையில் அதையும் மறு கையில் புதினாவையும் கசக்கி மாறி மாறி முகர்ந்து பாருங்கள்.

கேள்வி: தண்டிலும் வேரிலும் எண்ணெய் இருக்கிறதா?

தண்டில் உண்டு, ஆனால் சுரப்பி வெகு குறைவு. தண்டோடு சேர்த்து வடித்தால் வாலையில் இடம்தான் அடைபடும். வேரில் இந்தச் சுரப்பிகள் கிடையாது. வடித்தால் கிடைப்பது ஏதோ கொஞ்சம், அதிலும் பல செடிகளின் வேரில் வருவது போல பால்மிட்டிக் அமிலம் மாதிரி கொழுப்பு அமிலங்கள் தலைகாட்டும். வெட்டிவேரை நினைத்துக்கொண்டு புதினா வேரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் வெள்ளையாகக் கணு கணுவாக ஓடுகிறதே, அது வேர் இல்லை, ஓடுதண்டு. கணு இருந்தால் தண்டு. அதையும் உண்மையான வேரையும் சேர்த்துப் பிடுங்கி “வேர்” என்று பெயர் எழுதி வடிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவுக்குப் பொருளே கிடையாது.

கேள்வி: மற்ற செடிகளிலும் இப்படித்தானா?

புதினாவை விட மற்றதில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இலங்கைப் பட்டை மரத்தின் பட்டையில் சின்னமால்டிஹைடு, அதே மரத்தின் இலையில் யூஜினால், அதாவது கிராம்பு மணம், வேரில் கற்பூரம். ஒரே மரம்! கொத்தமல்லித் தழையின் மணம் ஆல்டிஹைடுகளால் வருவது, விதையில் பெரும்பங்கு லினலூல்; தழை பிடிக்காதவர்கள்கூட மல்லித்தூள் போட்ட குழம்பை ரசித்துச் சாப்பிடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு கட்டுரையில் காட்டுப் புதினாவில் புலெகோன்தான் முக்கியம் என்கிறார்கள். இன்னொன்றில் கார்வோன், வேறொன்றில் பைப்பெரிடெனோன் ஆக்சைடு. யார் சொல்வது சரி?

எல்லாரும் சரி. மெந்தா லாஞ்சிஃபோலியாவில் வேதி வகைகள் நிறைய. பார்த்தால் ஒரே செடி, எண்ணெய் ஊருக்கு ஊர் வேறு. ஒரு மலையில் புலெகோனும் மென்தோனும், இன்னொரு மலையில் பைப்பெரிடோன் ஆக்சைடு வகைகள், வேறோர் இடத்தில் கார்வோன், மற்றொன்றில் சினியோல். போதாக்குறைக்குப் புதினா இனங்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். பெப்பர்மின்ட்டே நீர்ப் புதினாவும் ஸ்பியர்மின்ட் என்கிற நம் துவையல் புதினாவும் கலந்து பிறந்த மலட்டுச் செடிதான். ஆகவே “காட்டுப் புதினா எண்ணெயில் என்ன இருக்கிறது” என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: எந்த ஊர்ச் செடி, எந்த உறுப்பு, பூக்கும் முன்னாலா பின்னாலா, பச்சையா காய்ந்ததா? இந்த நாலும் எழுதாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

கேள்வி: அட்டவணையில் உள்ள சதவீதத்தை எப்படிப் படிப்பது?

இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். ஜி.சி.எம்.எஸ். கருவியில் எண்ணெய் ஆவியாகி ஒரு நீளக் குழாய் வழியே போகும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வருகிறது, அதற்கேற்ப ஒரு முகடு விழுகிறது. சதவீதம் என்பது மொத்தப் பரப்பில் அந்த முகட்டின் பங்கு. செடியில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் காய்ந்த இலையில் 2 மில்லி எண்ணெய், அதில் கார்வோன் 50 சதவீதம். 100 கிராம் தண்டில் 0.1 மில்லி எண்ணெய், அதில் கார்வோன் 70 சதவீதம். அட்டவணையைப் பார்த்தால் தண்டுதான் பணக்காரன் மாதிரி தெரியும். கணக்குப் போட்டால் இலையில் 1 மில்லி, தண்டில் 0.07 மில்லி. மகசூல் அளவைப் பக்கத்தில் வைக்காமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெழுதாதீர்கள் என்று என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் புதினா பூக்கவே இல்லை. பூ எண்ணெய்க்கு என்ன செய்வது?

நம் பக்கம் அது அப்படித்தான். பெப்பர்மின்ட் மாதிரியான புதினாக்கள் நீண்ட பகல் கிடைத்தால் பூக்கிறவை. திருநெல்வேலியில் ஜூன் மாதத்து மிக நீளமான பகலே சுமார் பன்னிரண்டரை மணி நேரம்தான். ஐரோப்பாவில் அதே ஜூனில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். என் கொட்டகை ஓரத்துப் பாத்தியில் பூவை நான் பார்த்ததில்லை. பூ வேண்டுமானால் வடக்கே பூத்த செடியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

வெயிலும் ராத்திரிப் புழுக்கமும் எண்ணெயைப் பாதிக்கும். பெப்பர்மின்ட்டில் நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் இருந்தால் மென்தோன் பக்கம் போகும். இரவும் சுடச்சுட இருந்தால் புலெகோனும் மென்தோஃபியூரானும் கூடும் என்று 1960-களிலேயே கண்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் நம்ம ஊர் ராத்திரி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மென்தால் புதினாவை, அதாவது முன்னால் சொன்ன ஆர்வென்சிஸின் ஜப்பான் வகையை, உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி, சம்பல் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் போட்டு இந்தியாவை உலகத்திலேயே முதல் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீர் இருக்கிறதே என்று இங்கே அதை நம்பிப் பெரிதாக இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம். வீட்டளவு, கடையளவு என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: எப்படி வடிப்பது? எவ்வளவு கிடைக்கும்?

ஆய்வகத்தில் கிளெவெஞ்சர் கருவி. குடுவையில் இலையும் தண்ணீரும், மூன்று மணி நேரம் கொதி. ஆவி குளிர்ந்து விழும்போது எண்ணெய் மேலே மிதக்கும், பக்கக் குழாயில் உள்ள அளவுக் கோட்டில் மில்லியை நேராகப் படித்துக்கொள்ளலாம். கொட்டகையில் செய்வது அதே வேலையைப் பெரிய பாத்திரத்தில் செய்வதுதான், சித்த மருத்துவத்தில் வாலை என்கிறார்களே அதே முறை. நம் ஓமத்தீநீரும் இப்படி வடித்ததுதான். பிரஷர் குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டுக் குழாய் செருகிச் செய்கிற வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள், இலை போய் வழியை அடைத்தால் வெடிக்கும்.

மகசூல்: மென்தால் புதினாவில் 100 கிலோ பச்சைத் தழைக்கு சுமார் அரைக் கிலோ எண்ணெய். துவையல் புதினாவில் அதைவிடக் குறைவு. ஒரு நாள் நிழலில் வாட்டி எடுத்தால் நல்லது, வெயிலில் காயப்போட்டால் எண்ணெய் பறந்துவிடும். கொட்டகை முழுக்க மணக்கிறதே என்று ஒரு தடவை ஒரு ஆச்சி சந்தோஷப்பட்டார்கள், எனக்கு வயிறு எரிந்தது. மணம் கொட்டகையில் இருக்கிறதென்றால் பாட்டிலில் இல்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் விற்கிற புதினா உப்பு என்ன?

அது மென்தால் படிகம். ஊசி ஊசியாக இருக்கும், 42 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதனால் மே மாதம் பாட்டிலை வெயிலில் வைக்கக் கூடாது. புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் குலுக்கினால், தண்ணீர் ஒரு சொட்டுகூட விடாமல் மூன்று திடப்பொருளும் கண்முன்னால் கரைந்து எண்ணெயாகிவிடும். ஒவ்வொன்றும் மற்றதின் உருகுநிலையைக் கீழே இழுப்பதால் நடப்பது இது. பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் மறக்கவே மாட்டார்கள். குடிக்க மட்டும் கொடுக்காதீர்கள், கற்பூரம் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும்.

கேள்வி: மென்தால் தரும் குளிர்ச்சி உண்மையா?

சூடு ஒன்றும் குறைவதில்லை. குளிரை உணரும் நரம்பில் டி.ஆர்.பி.எம்.8 என்று ஒரு புரதக் கதவு இருக்கிறது, சுமார் 25 டிகிரிக்குக் கீழே போனால் திறக்கும். மென்தால் அதை அறைச் சூட்டிலேயே திறந்துவிடுகிறது. 2002-ல் கண்டுபிடித்தார்கள், இந்தத் துறையில் செய்த வேலைக்காக டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021-ல் நோபல் கிடைத்தது.

கேள்வி: சளிக்குக் குழந்தை மூக்கில் தடவலாமா? கர்ப்பமாக இருக்கும்போது?

கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மூக்கருகிலோ மென்தால் பட்டால் தொண்டை இறுகி மூச்சு நிற்கக்கூடும். ஆச்சிமார் சொன்னாலும் கேட்காதீர்கள், அவர்கள் காலத்தில் தடவியது இலைச்சாறு, இது நூறு மடங்குக்கு மேல் சுண்டின சரக்கு.

கர்ப்பிணிகள் காட்டுப் புதினா எண்ணெயின் பக்கமே போக வேண்டாம். புலெகோன் ஈரலில் போய் மென்தோஃபியூரானாகவும் இன்னும் கடுமையான பொருள்களாகவும் மாறி ஈரலையே அரிக்கிறது. புலெகோன் நிறைந்த பென்னிராயல் என்ற புதினாவின் எண்ணெயைக் குடித்து உயிரை விட்டவர்கள் உண்டு. எந்த வேதி வகை என்று தெரியாத எண்ணெய், அதிலும் பூவோடு சேர்த்து வடித்தது என்றால், உள்ளுக்குச் சாப்பிடுவதைப் பற்றி யாரும் யோசிக்கவே கூடாது. துவையல், சட்னி, டீயில் நாலு இலை இதிலெல்லாம் ஒரு பயமும் இல்லை.

கேள்வி: கடையில் வாங்கும் புதினா எண்ணெய் சுத்தமா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு தடவை பெப்பர்மின்ட் என்று சொல்லி நல்ல விலைக்கு ஒருவர் எனக்கு விற்றார். ராத்திரி ஃப்ரீசரில் வைத்தேன், காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் பாதிக்கு மேல் வெள்ளை ஊசிகள். பெப்பர்மின்ட் இப்படி உறையாது. மென்தால் புதினாவின் எண்ணெய்தான் இப்படி உறையும். விலையோ அதில் பாதிகூட வராது. பெப்பர்மின்ட்டில் மென்தால் 30 முதல் 55 சதவீதம், மென்தோன் 14 முதல் 32 சதவீதம் என்று மருந்து நூல் வரம்பு இருக்கிறது. விற்பவரிடம் ஜி.சி. அறிக்கை கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் வாங்காமல் வந்துவிடலாம்.

கேள்வி: ப்ராஜெக்ட்டுக்கு மாதிரி எடுக்கிறேன். என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

ஊர், தேதி, மணி, செடி பூத்திருக்கிறதா, எந்தக் கணுவிலிருந்து எந்தக் கணுவரை இலை எடுத்தீர்கள். இலை, தண்டு, பூ, ஓடுதண்டு, வேர் ஐந்தையும் தனித்தனி காகிதப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பாலித்தீன் வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். ஒரு முழுச் செடியை அழுத்திக் காயவைத்து, தாவரவியல் தெரிந்தவரிடம் பெயரை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் வடிக்க வேண்டும். பாளையங்கோட்டையிலேயே கல்லூரிகளிலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் செடி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பையையும் வாலைக்குப் போகும் முன்னால் எடை போடுங்கள், எண்ணெயைப் பழுப்பு நிறச் சின்னக் குப்பியில் வாய்வரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாதிக் குப்பி வைத்தால் உள்ளே இருக்கும் காற்று எண்ணெயைக் கெடுத்துவிடும், அப்புறம் அட்டவணையில் வருவது செடியில் இருந்ததா, குப்பியில் உண்டானதா என்று பிரிக்க முடியாது.